நடந்து போகலாம், நட்டுவிட்டு வரலாமா?

2018 ஜனவரி 5. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. உலையில் அரிசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் குரல் கேட்டது. "மக்களே, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தா."

எழுபது வயதிருக்கும். வெளுத்த நீலச் சேலை, புழுதி படிந்த பாதம், ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் ஒரு முழ நீளத்துக்கு மரச்சிலுவை. பலாக்கம்பு இரண்டைக் குறுக்கே வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. திண்ணையில் உட்காரவைத்து உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் சேலைத் தலைப்பால் சிலுவையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். தொலைந்த செருப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. "பத்து வயசுல எங்கம்மைக்க கையப் பிடிச்சிட்டு ஏறின மலையாக்கும். இன்னைக்குப் போகப்பிடாதுன்னு சொல்லுதாவ. எதுக்கு மக்களே?" என்று கேட்டார்.

முப்பத்தோரு வருடம் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி அதற்கு முந்தின வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை பழகியவள். மனச்சாட்சிப்படி நடக்கவும், ஒரு மதத்தை ஏற்று ஒழுகவும், பரப்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பிள்ளைகள் இதை ஒப்பித்து மதிப்பெண் வாங்கிப் போவார்கள். அந்த மத்தியானம், அந்த அம்மாவுக்கு முன்னால், எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று நடந்தது செய்தித்தாள்களில் வந்தது. கேரளத்தின் நெய்யாற்றின்கரை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்த மக்கள் போணக்காடு குரிசுமலைக்குத் திருப்பயணமாக வந்தார்கள். குரிசு என்றால் சிலுவை. வித்துராவைத் தாண்டிக் காணித்தடம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் அவர்களைத் தடுத்தார்கள். வழியிலேயே உட்கார்ந்து ஜெபித்தார்கள். பிறகு தள்ளுமுள்ளு, கல்லெறி, தடியடி. சாயங்காலம் வித்துரா கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. ஒரு தரப்பு "மதச் சுதந்திரம் போச்சு" என்றது. இன்னொரு தரப்பு "காட்டை வளைக்கப் பார்க்கிறார்கள்" என்றது. ஒற்றைச் செருப்போடு வந்த அம்மாவை இரண்டு தரப்பும் பார்க்கவில்லை.

எங்கள் லயமும் அந்த மலையும்

நான் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறி வந்தவர். எங்கள் வீட்டில் சுடலைமாடன், பக்கத்து வீட்டில் அந்தோணியார், வரிசையின் கடைசியில் ஒரு ராவுத்தர் குடும்பம். லயத்துச் சுவர் மெல்லிசு. ஒரு வீட்டு ஜெபம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அடுத்த வீட்டுக் குழம்பு வாசம் இங்கே வரும்.

தவக்காலம் வந்தால் பக்கத்து வீட்டு அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு குரிசுமலை ஏறுவார். கொழுந்து கிள்ளிக் காப்புக் காய்த்த கை அவருடையது. என் மணிக்கட்டைப் பிடித்தால் மரப்பட்டை போல் உரசும். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழங்கால் ஊன்றுவார்கள். நானும் ஊன்றுவேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முழங்கால் மண்ணைத் தட்டிவிடுவாளே தவிர, "அங்கே எதற்குப் போனாய்" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வயதில் நான் பார்த்ததாக நினைவில் நிற்பவை மரச்சிலுவைகள். இரண்டு மழைக்காலத்தில் அவை உளுத்துப்போகும். அடுத்த வருடம் ஆள் ஒருவர் புதிதாக ஒன்றைத் தோளில் சுமந்து வருவார். மலை மலையாகவே இருந்தது.

பிறகு கான்கிரீட் வந்தது. 2017 ஆகஸ்டில் மலையில் இருந்த கான்கிரீட் சிலுவைகள் உடைக்கப்பட்டுக் கிடந்தன. 'காலங்காலமாக நாங்கள் கும்பிட்ட இடத்தில் கைவைத்துவிட்டார்கள்' என்றது திருச்சபை. 'காப்புக்காட்டில் நிரந்தரக் கட்டுமானத்துக்கு அனுமதி கிடையாது' என்றது வனத்துறை. பேச்சு நடந்து மரச்சிலுவை வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அதுவும் விழுந்துபோயிற்று; எதனால் விழுந்தது என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கசப்போடுதான் ஜனவரி 5 விடிந்தது.

இது வெறும் பாறையும் புல்லும் அல்ல. பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய காடு. 2001-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. இங்கே பெய்யும் மழைதான் கரமனை ஆறாகிப் பேப்பாறை அணையில் தேங்கித் திருவனந்தபுரம் நகரத்துக் குழாய்களில் வருகிறது. அந்தக் குழாயைத் திறக்கிறவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இந்தக் காட்டில் அவருக்கும் பங்கு உண்டு.

நம் மொழியில் 'நடப்பது' என்றும் 'நடுவது' என்றும் இரண்டு சொல் இருக்கிறது. நடக்கிற கால் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். நட்ட கால் அங்கேயே நிற்கும்; வேர் பிடிக்கும்; கொஞ்ச நாளில் சுற்றிலும் ஒரு வேலி கேட்கும். பொது இடத்தில் மதத்துக்கு உள்ள உரிமை எங்கே முடிகிறது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு சொல்லைத்தான் காட்டுவேன். அந்த அம்மா மலைக்கு நடந்து போவதை எந்த அரசும் தடுக்கக் கூடாது. அந்த மலையில் எந்த மதமும் எதையும் புதிதாக நடக் கூடாது.

பாலைவனத்தில் ஒரு சிலுவை

இதே மாதிரி ஒரு சச்சரவு அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அங்கே காடு இல்லை, பாலைவனம். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 'சன்ரைஸ் ராக்' என்று ஒரு பாறை. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1934-இல் முன்னாள் படைவீரர்கள் அதன் மேல் ஒரு சிலுவையை நட்டார்கள். நிலமோ மத்திய அரசுடையது. பிற்பாடு அது தேசியக் காப்புப் பகுதியும் ஆயிற்று. 1999-இல் ஒருவர் அதற்குப் பக்கத்தில் பௌத்த ஸ்தூபி ஒன்று வைக்க அனுமதி கேட்டார். பூங்காத் துறை மறுத்தது.

ஃபிராங்க் பூனோ என்பவர் வழக்குப் போட்டார். அதே பூங்காத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முக்கியமான சங்கதி, அவரே ஒரு கத்தோலிக்கர். சிலுவையின் மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் சொந்தமான நிலத்தில் ஒருவருக்கு இடம் கொடுத்து இன்னொருவரை மறுப்பது சரியா என்பதே அவர் கேள்வி. கீழ்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வழக்கு நடந்த வருடங்களில் அந்தச் சிலுவையைப் பலகைப் பெட்டி போட்டு மூடிவைத்திருந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் பாறையைச் சுற்றி ஒரு ஏக்கரை முன்னாள் வீரர்களுக்கு மாற்றிக்கொடுக்கச் சட்டம் போட்டது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிரிந்து, நில மாற்றத்துக்கு இருந்த தடையை விலக்கி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. தீர்ப்பு வந்த சில நாட்களில் சிலுவையை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். 2012-இல் சமரசம் ஏற்பட்டது. இடம் தனியாருக்கு மாறியது, புதுச் சிலுவை எழுந்தது, 'இது தனியார் நிலம்' என்று வேலியும் பலகையும் வந்தன.

நான் முதலில் சொன்ன வேலி அங்கே கண்ணுக்குத் தெரியவே வந்து நின்றது.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791-இல் வந்தது. அது மதத்தைப் பற்றி இரண்டு சொல்கிறது: அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது. சொல்ல எளிது. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று இன்றுவரை அங்கே வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அலபாமா மாநிலத் தலைமை நீதிபதி ராய் மூர் 2001-இல் பத்துக் கட்டளைகள் பொறித்த சுமார் 2,400 கிலோ கருங்கல்லை நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரவில் கொண்டுவந்து வைத்தார். இரவோடிரவாகச் சாலையோரத்தில் சாமி முளைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. அகற்றச் சொன்ன நீதிமன்ற உத்தரவை அவர் மதிக்கவில்லை. 2003-இல் கல்லும் போயிற்று, அவர் பதவியும் போயிற்று.

ஆனால் 2019-இல் இன்னொரு தீர்ப்பு. மேரிலாந்தின் பிளேடன்ஸ்பர்க்கில் பொது நிலத்தில் நாற்பதடி உயரச் சிலுவை நிற்கிறது. முதல் உலகப் போரில் இறந்த அந்த மாவட்டத்து வீரர்கள் 49 பேரின் நினைவாக 1925-இல் எழுப்பியது. அது நிற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில். இத்தனை காலம் நின்றபின் அது ஊரின் நினைவோடு கலந்துவிட்டது, இப்போது பிடுங்கினால் அதுவே மதத்தின் மீதான பகையாகத் தெரியும் என்பது தீர்ப்பின் சாரம்.

நம் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போயிருக்கிறது. 2009 செப்டம்பர் 29 அன்று ஓர் உத்தரவு போட்டது: பொதுச் சாலை, பூங்கா, மற்ற பொது இடங்களில் கோயில், தேவாலயம், மசூதி, குருத்வாரா என எந்த மதத்தின் பெயராலும் அனுமதியில்லாத புதுக் கட்டுமானம் கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றை மாநில அரசுகள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பழையதை ஒரு கண்ணாலும் புதியதை ஒரு கண்ணாலும் பார்ப்பது ஓரவஞ்சனை இல்லை. பழையதோடு மனிதர்களின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது; புதியதோடு பெரும்பாலும் நிலத்தின் மீதான ஆசைதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ஆசையையும் கேரளம் பார்த்தது. போணக்காட்டில் சிலுவைகள் உடைந்த அதே 2017-இல், ஏப்ரல் மாதம், மூணாறு அருகே பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நின்ற பெரிய இரும்புச் சிலுவையை வருவாய்த் துறை பெயர்த்தெடுத்தது. முதலமைச்சர் பினராயி விஜயன் அந்த முறையைக் கண்டித்தார். ஆக்கிரமிப்புக்குச் சிலுவையைக் கருவியாக்கக் கூடாது என்று கிறிஸ்தவத் தரப்பிலிருந்தும் குரல்கள் எழுந்தன. இரண்டுமே சரிதான். நடக் கூடாததை நட்டால் அகற்றத்தான் வேண்டும். ஆனால் மக்கள் கைகூப்பிய பொருளை நோட்டீஸ் கொடுத்து, பேசி, உரியவர்கள் கையாலேயே இறக்கவைக்க வேண்டும். உடைத்துப் போடுவது சட்டத்தின் வேலை அல்ல.

பேசினால் வழி பிறக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1983-இல் சபரிமலைப் பாதையில் உள்ள நிலைக்கலில், மகாதேவர் கோயிலை ஒட்டி ஒரு கற்சிலுவை கிடைத்ததாகச் சொல்லி அங்கே தேவாலயம் கட்ட ஏற்பாடு நடந்தது. மாதக் கணக்கில் மாநிலமே பதறியது. கடைசியில் இரு சமயத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, கோயிலை விட்டுத் தள்ளி வேறிடத்தில் தேவாலயம் என்று முடிவானது. பல திருச்சபைகளுக்கும் பொதுவான அந்த ஆலயம் 1984-இல் திறக்கப்பட்டது. கோயிலும் இருக்கிறது, ஆலயமும் இருக்கிறது.

வாய் திறக்காத சிறுமி

எல்லையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உரிமை மறந்துபோகும். அதனால் என் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். காலையில் தேசிய கீதம் பாடும்போது எல்லோரோடும் எழுந்து நிற்பாள். கை இரண்டும் பக்கவாட்டில், குதிகால் சேர்ந்து, கண் நேராக. ஆனால் உதடு அசையாது. யெகோவா சாட்சிகள் குடும்பம். கடவுளைத் தவிர வேறெதையும் பாட்டால் போற்றக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் கொதித்துப்போனார். "டீச்சர், இத இப்படியே விட்டா நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் வாய மூடிட்டு நிக்கும். வீட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

மறுநாள் ஒரு தீர்ப்பின் நகலை ஆசிரியர் அறை மேசையில் வைத்தேன். நான் ஆசிரியையாகச் சேர்ந்த அதே 1986-இல் வந்த தீர்ப்பு. கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் பிஜோ, பினுமோள், பிந்து என்ற மூன்று பிள்ளைகள் இதே காரணத்துக்காக 1985 ஜூலையில் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்று அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக எழுந்து நிற்கிறவர்கள் கீதத்தை அவமதிக்கவில்லை, பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. சகிப்புத்தன்மை நம் மரபிலும் தத்துவத்திலும் அரசியல் சட்டத்திலும் இருப்பது, அதை நீர்க்கச் செய்துவிட வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு முடிகிறது.

அந்தத் தீர்ப்பு அமெரிக்க வழக்குகளையும் எடுத்துப் பேசுகிறது. 1935-இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில், இதே மார்க்கத்தைச் சேர்ந்த அக்காவும் தம்பியும் கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் அந்த மார்க்கத்தாரைக் கும்பல்கள் தாக்கின. மூன்றே வருடத்தில், 1943 ஜூன் 14 அன்று, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. எந்தப் பிள்ளையையும் கொடிக்கு வணக்கம் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது.

ஆசிரியர் அறையில் அந்த நகலை எல்லோரும் படித்தார்கள். அந்தச் சக ஆசிரியரும் படித்தார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்பு முடியும்வரை அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள். அவளால் யாருடைய பாட்டும் நின்றுபோகவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தச் சிறுமி பொது இடத்தில் எதையும் நடவில்லை. தன் வாயைத் தன் வசம் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கழுத்தில் ஒரு சிலுவை, நெற்றியில் திருநீறு, தலையில் முக்காடு, மூடிய உதடு: இவையெல்லாம் ஆளோடு வந்து ஆளோடு போய்விடுகிறவை. இவற்றின் மேல் அரசு கைவைக்கவே கூடாது.

ஆளை விட்டுப் பிரிந்து அடுத்தவர் வீட்டுக்குள் போய் உட்காருகிறவை வேறு. குழாய் ஸ்பீக்கரைச் சொல்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக் காலத்தில் திருவிழா, பெருநாள், சுவிசேஷக் கூட்டம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். "டீச்சர், ராத்திரி படிக்கவே முடியல" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்பு நலச் சங்கம் போட்ட வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அடுத்தவர் அமைதியைக் கெடுத்துக் கும்பிட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை. அதே வருடம் வந்த ஒலி மாசு விதிகள் பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. சத்தமும் ஒரு நடுகைதான்.

மலையில் முன்பே இருந்தவர்கள்

குரிசுமலையிலிருந்து பார்த்தால் அகத்தியர்கூடம் தெரியும். 1,868 மீட்டர். அந்தப் பக்கம் பொதிகை, தாமிரபரணி, பாபநாசம். லயத்து வாசலில் நின்று பல் துலக்கும்போதெல்லாம் நான் பார்த்து வளர்ந்த உச்சி அது. ஆனால் பெண்களுக்கு அங்கே போக வழி இருந்ததில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண் என்பதற்காக மட்டும் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். அகத்தியர் பிரம்மச்சாரி, அவர் சந்நிதிக்குப் பெண்கள் போகக் கூடாது என்று நம்பும் காணிப் பழங்குடி மக்கள் போணக்காட்டில் கூடி வருத்தத்தைத் தெரிவித்தார்கள். யாரையும் தடுக்கவில்லை.

2020 ஜனவரியில், என் 58-ஆவது வயதில், நானும் போனேன். முதல் நாள் ராத்திரி அதிருமலை முகாமில் தங்கல். ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி என்று ஏற்றங்களுக்குப் பெயர். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் நெஞ்சில் இடிக்கும் என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். பூஜைப் பொருளோ பிளாஸ்டிக்கோ கொண்டுபோகக் கூடாது என்று வனத்துறை புறப்படும் இடத்திலேயே பையைச் சோதித்தது. பொங்காலைப் பாறையைத் தாண்டிக் கயிற்றைப் பிடித்து ஏறும்போது, வழிகாட்ட வந்த காணி மூத்தவர் ஒருவர் எனக்காக நின்று நின்று நடந்தார்.

"நான் ஏறுறதுல உங்களுக்கு மனவருத்தம் இருக்கா மூப்பரே?" என்று கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "டீச்சரே, கோடதி சொல்லியாச்சு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல? நாங்க மலைக்குக் கொண்டுபோறது பாட்டும் கொக்கரையும். பாடி முடிஞ்சா அங்க ஒண்ணும் கிடக்காது. வாறவங்க ஏதாவது வச்சிட்டுப் போறாங்க பாருங்க, அதுதான் எங்களுக்குச் சங்கடம்" என்றார். கொக்கரை என்பது பல் வெட்டிய இரும்புக் குழல். கம்பியால் உரசினால் தாளம் வரும். பிலாத்தி என்று அழைக்கப்படும் அவர்கள் பூசாரி அதை உரசிச் சாற்றுப்பாட்டு பாடுவார்.

உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. அதுவும் யாரோ ஒரு நாள் நட்டதுதானே என்று குரிசுமலைக்காரர்கள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. என் பதில் இரண்டு மலைக்கும் ஒன்றுதான்: நடக்கிற வழக்கம் தொடரட்டும், பழையதைப் பற்றிப் பேசி முடிவெடுக்கட்டும், புதிதாக யாரும் எதையும் வைக்க வேண்டாம், இருப்பதைப் பெருக்கவும் வேண்டாம். சிலைக்குப் பத்தடி முன்னால் நான் நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஏறி வருவது என் உரிமை. அவர்களுடைய சந்நிதியில் எதுவரை போவது என்பதில் அவர்கள் மனசைப் பார்ப்பது என் மரியாதை. சட்டம் இரண்டாவதைக் கேட்காது, நாம்தான் கொடுக்க வேண்டும்.

மலையே கோயிலாக இருக்கிறவர்களுக்குச் சட்டம் பல சமயம் துணை நிற்பதில்லை. வட கலிபோர்னியாவில் யூரோக், காரூக், டொலோவா மக்கள் தனிமையில் தவம் இருக்கும் மலைக்காட்டின் வழியாக அரசு சாலை போட முனைந்தது. அங்கே கட்டடமோ சிலையோ எதுவும் இல்லை. 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு தன் நிலத்தை உபயோகிப்பதை அவர்களின் நம்பிக்கை தடுக்க முடியாது என்றது. இரண்டே வருடத்தில் நாடாளுமன்றம் அந்த இடத்தைக் காப்புவனமாக்கிச் சாலையை நிறுத்தியது. நம் நாட்டில் ஒடிசாவின் நியம்கிரி மலையை பாக்சைட்டுக்காகத் தோண்டப்போனபோது, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. டோங்ரியா கோந்த் மக்களின் தெய்வமான நியமராஜா வாழும் மலை அது. பன்னிரண்டு கிராம சபைகளும் 'வேண்டாம்' என்றன. எதையும் நடாமலே ஒரு மலையைப் புனிதமாக வைத்திருந்தவர்களின் சொல் அன்று செல்லுபடியானது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கனத்துவிடும்.

இரண்டு செருப்பு

ஒற்றைச் செருப்போடு வந்த அந்த அம்மா அதற்குப் பிறகும் வந்தார். குரிசுமலைக்குத் திருப்பயணம் நடக்கிறது. தவக்காலத்தில் அரசு பஸ்ஸில் வித்துரா வந்து இறங்கினால், போகும்போதோ வரும்போதோ என் திண்ணையில் உட்காராமல் போவதில்லை. ஒரு வருடம் மொஹாவி கதையை அவருக்குச் சொன்னேன். முழுதும் கேட்டார். "பெட்டி போட்டு மூடி வச்சிருந்தாவளா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "குரிசு சுமக்கியதுக்காக்கும் மக்களே. நாட்டி வச்சிட்டுச் சண்டை போடியதுக்கு இல்ல" என்றார்.

மலையில் விட்டுவிட்டு வரலாமே, தூக்கிக்கொண்டே ஏன் இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுச் சுவரில் அதற்கென்று ஓர் ஆணி இருக்கிறதாம். அம்மா அடித்த ஆணி.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. "இதக் கொஞ்சம் பிடி" என்று சிலுவையை என் கையில் கொடுத்துவிட்டு, தூணைப் பிடித்துக் குனிந்து இரண்டு செருப்பையும் மாட்டினார். சணல் கயிறு புதிது. பலாக்கம்பு கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகி, நடுவில் தேன் நிறம் ஏறியிருந்தது. வாங்கிக்கொண்டு, வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.